வாத்தியார் கை தூக்கச் சொன்னார்

1986 மார்ச் 11 என்று தேதியிட்ட அஞ்சலட்டை ஒன்று எனக்கு வந்தது. எழுதியவர் பழனி. நான் விருப்ப ஓய்வு பெற்ற ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இப்போது இளநிலை உதவியாளராக இருப்பவர். உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஒன்றியத்துக்கு மறுபடியும் பெருந்தலைவர் வந்துவிட்டார். இத்தனை ஆண்டுகளாகத் தனி அலுவலர் ஒருவரே கூட்டமும் தீர்மானமுமாக இருந்ததால், உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசுகிற கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதத் தெரிந்தவர் அலுவலகத்தில் யாருமே இல்லையாம். கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: "உறுப்பினர்கள் இரு பிரிவாகப் பேசினால் எப்படி எழுதுவது? ஏகமனதாக என்று எழுதலாமா, கைகளை எண்ணி எழுத வேண்டுமா?"

விதிப்படியான பதில் அரைப்பக்கம்தான். மறுநாளே எழுதி அனுப்பிவிட்டேன். வாக்கெடுப்பு நடந்தால் எண்ணிக்கையை எழுது, யாரும் கேட்காமல் பெயர்களை எழுதாதே, சந்தேகம் வந்தால் ஆணையரிடம் கேள். அந்த அரைப்பக்கத்தில் அடங்காத ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1961-ல். ஊராட்சி ஒன்றியங்கள் அப்போதுதான் முளைத்திருந்தன. அப்பா ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்தவர். சர்க்கார் சம்பளம் என்று எங்கள் வீட்டுக்குள் வந்தது என் மூலமாகத்தான். பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. எங்கள் அலுவலக மேலாளர் எனக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தார். நடவடிக்கைக் குறிப்பு கூட்டத்தில் எழுதப்படுவதல்ல, கூட்டத்துக்கு முன்பே எழுதப்படுவது. ஒரு ஊரில் பாலம் கட்ட வேண்டுமானால் ஜீப் முதலில் ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் நிற்கும். காபி வரும். ஓவர்சியர் இடத்தைப் பார்ப்பார். யாருக்கு வருத்தம், அவரை யார் சமாதானப்படுத்துவது என்பதெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அதன்பிறகு நடப்பது கூட்டம். பேச வேண்டியவர்கள் பேசுவார்கள். நான் எழுதுவேன்: "விவாதத்துக்குப் பின் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

இது பித்தலாட்டம் என்று அப்போது எனக்கும் தோன்றியதுண்டு. கிளை நூலகத்தில் கிடைத்த சரித்திர நூல்களையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வயது. ரோமாபுரியில் ஒரு காலம்வரை எல்லோர் காதிலும் விழும்படி வாய்விட்டு வாக்குச் சொன்னார்கள் என்றும், பிறகு மெழுகு பூசிய பலகையில் மறைத்து எழுதிப் போடும் வழக்கம் வந்தது என்றும் படித்திருக்கிறேன். ஏன் மாற்றினார்கள் என்பதைச் சொல்லும் பகுதியை அன்று நான் கவனமாகப் படிக்கவில்லை.

1965 தேர்தலுக்குப் பிறகு எங்கள் ஒன்றியத்தின் பெருந்தலைவரானவர் அருளப்பன். கிறிஸ்தவ உபதேசியார் ஒருவரின் மகன். சேரப்பணஞ்சேரிக்கு அந்தப் பக்கம் இருந்த மிஷன் ஆரம்பப் பள்ளியில் ஏழெட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் பாடம் சொன்னவர். தேர்தலில் நிற்பதற்காகப் பங்குச் சாமியாரிடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் ஜெயித்ததற்குக் காரணம் அவருக்கு நிலமும் இல்லை, சொந்தபந்தமும் இல்லை என்பதுதான். ஒன்றியத்தில் பெரிய நிலக்காரர்கள் இரண்டு அணியாக இருந்தார்கள். இவர் வந்தால் அவருக்குப் பொறுக்காது, அவர் வந்தால் இவருக்குப் பொறுக்காது. வாத்தியார் வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்தன. அருளப்பன் மட்டும், மக்கள் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நம்பினார்.

அவர் அலுவலகம் வரும் விதம் எனக்கு இன்னும் கண்முன் இருக்கிறது. குடையை ஜன்னல் கம்பியில் மாட்டுவார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கால் தட்டி, உள்ளே வருவார். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சிறு சாக்பீஸ் துண்டும் இருக்கும். மேலிருந்து வருகிற சுற்றறிக்கையில் வாக்கியப் பிழை கண்டால் சிவப்புப் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஆணையர் ஒருமுறை, இது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தது, திருத்தக் கூடாது என்றார். "அவருக்குத் திருப்பி அனுப்பலயே சார், நமக்காகத் திருத்திக்கினேன்" என்று சொல்லிப் பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டார். கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. பேச்சில் யாராவது குறுக்கிட்டால் நிறுத்திவிட்டு, அவர் முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

ஒன்றியக் கூட்டத்தில் முதல் காரியமாக வருகைப் பதிவு எடுத்தார். ஊராட்சித் தலைவர்கள் எல்லோரும் தலை நரைத்தவர்கள். ஒவ்வொரு பெயராக அவர் வாசிக்க, பென்னலூர்ப் பக்கத்துத் தலைவர் ஒருவர் எழுந்து கை கட்டி, "உள்ளேன் ஐயா. வீட்டுப் பாடம் மட்டும் எழுதல" என்றார். கூட்டமே சிரித்தது. அருளப்பனும் சிரித்தார். ஆனால் அடுத்த கூட்டத்திலும் பெயர் வாசித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். எதற்கெடுத்தாலும் ஏகமனதாக என்று எழுதுகிறீர்களே, எதிர்த்துப் பேசியவர் எங்கே போனார் என்று கேட்டார். வழக்கம் அப்படி என்றேன். "வழக்கம் சரி, வரதன். நடந்தது இன்னா? அத எழுதுங்க. எண்ணி எழுதுங்க." அவர் ஒன்றைத் தீவிரமாக நம்பினார். எண்ணும்போதுதான் ஆளுக்கு ஆள் சமம். பேச்சில் பெரிய குரல் ஜெயிக்கும், எண்ணிக்கையில் பெரிய குரலும் ஒன்று, சின்னக் குரலும் ஒன்று. மேடைகளில் எல்லோரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்வார்கள். அவர் புகழ மாட்டார். அது குலுக்கல், எண்ணிக்கை அல்ல என்பார்.

ஒன்றியக் கூட்டத்தில் எண்ணியதால் யாருக்கும் கேடு வரவில்லை. எல்லோரும் நிலமுள்ளவர்கள். கை தூக்கியவர், தூக்காதவர் இருவரும் மாலையில் ஒரே பேருந்தில் ஊருக்குப் போனார்கள். கேடு வந்தது தாங்கல்மேட்டில்.

ஊரின் உண்மைப் பெயரை நான் எழுதவில்லை. அங்கே ஊராட்சித் தலைவர் தெய்வசிகாமணி. அருளப்பனைப் பெருந்தலைவராக்க ஒப்புக்கொண்ட இரண்டு அணித் தலைவர்களில் ஒருவர். 1969-ல் அந்த ஊராட்சிக்கு ஒரு குடிநீர்க் கிணறு ஒதுக்கீடானது. ஊருக்குள் கிணறுகள் இருந்தன. காலனியில் இல்லை. காலனிப் பெண்கள் ஏரி உள்வாயில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் எடுத்தார்கள், அல்லது ஊர்க் கிணற்றருகே குடத்தை வைத்துவிட்டு யாராவது ஊற்றுவார்களா என்று நின்றார்கள். காலனி வீடுகளில் பெரும்பாலானவை ஊருக்கு வெளியே தெய்வசிகாமணிக்கு இருந்த நிலத்தின் ஓரத்தில் இருந்தன. அவரிடம் வேலை செய்கிறவர்கள், அவர் இடத்திலேயே குடிசை போட்டுக்கொண்டவர்கள். இதையெல்லாம் மேலாளர் பாணியில் முடித்திருந்தால், ஜீப் தெய்வசிகாமணி வீட்டு வாசலில் நின்றிருக்கும். இந்தக் கிணறு காலனிக்கு, அடுத்த ஆண்டு உங்கள் களத்துக்கு ஒரு பாதை என்று பேசி முடித்திருப்போம். அவரும் ஒப்புக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. கேட்கப்படுவதை விரும்பிய மனிதர்.

அருளப்பன் ஜீப்பை நேராக ஊராட்சி மன்றக் கட்டடத்துக்கு விடச் சொன்னார்.

கூட்டம் பிற்பகலில். தமுக்கடித்துச் சொல்லியிருந்ததால் ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள், காலனிக்காரர்களும் வந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் பெஞ்சுகளில். காலனிக்காரர்கள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், நின்றபடி. அருளப்பன் அவர்களை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். பெரியவர்கள் அசையவில்லை. இளையவர்கள் வந்தார்கள். காரணம் எனக்கு உடனே புரிந்தது. முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் அத்தனை பேரும் அவரிடம் படித்தவர்கள். வரிசையாக, கால் மடக்கி, பள்ளிக்கூடத்தில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார்கள்.

சாக்பீஸை எடுத்துக் கட்டடச் சுவரில் படம் போட்டார். ஊர், ஏரி, காலனி, இப்போதுள்ள கிணறுகள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று காட்டினார். அழகான பாடம் அது. பிறகு கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டுக் கேட்டார்: "கெணறு இந்த எடத்துலதான் வரணும்கிறவங்க கை தூக்குங்க."

சட்டென்று கைகள் எழுந்தன. முழங்கை மடங்காமல், நேராக. சிலர் சுட்டுவிரலை மட்டும் நீட்டியிருந்தார்கள். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை நீட்டுவதுபோல. முதலில் எழுந்தது கன்னியப்பன் கை. தெய்வசிகாமணியிடம் ஏர் ஓட்டுகிறவன், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். மரத்தடியில் நின்ற பெரியவர்கள் யாரும் கை தூக்கவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்க்கவில்லை. பெஞ்சுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை எண்ணச் சொன்னார். எண்ணினேன். அந்த எண் என் நாட்குறிப்பில் இருக்கிறது. இங்கே எழுதப்போவதில்லை. பிறகு, வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஊர்க்காரர்கள் யாரும் தூக்கவில்லை. தெய்வசிகாமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் மடித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏகமனதுன்னே எழுதிக்கோ, வரதா. நாங்க யாராச்சும் எதுத்தா கை தூக்குனோம்? கெணறு அவங்களுக்கே வரட்டும்."

நான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால், யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்ற பேச்சே அன்றோடு முடிந்திருக்கும். தெய்வசிகாமணி கொடுத்தது அதுதான். கிணற்றை ஊர் கொடுத்ததாக இருக்கட்டும், காலனி வாங்கியதாக இருக்க வேண்டாம் என்கிறார். அருளப்பனுக்கு அது புரியவில்லையா, புரிந்தும் பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது.

"இல்ல வரதன். எண்ணுனத எழுதுங்க. இவங்க கேட்டு வாங்குனது. அது அப்படியே இருக்கணும்." பிறகு கன்னியப்பனை எழுப்பி நிறுத்தி, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "அஞ்சாங் கிளாஸ்ல பதில் தெரிஞ்சாலும் வாயத் தொறக்க மாட்டான். இன்னைக்கு மொதக் கை இவனுது" என்று தோளில் தட்டினார். கன்னியப்பன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

கிணறு தோண்டப்பட்டது. நல்ல தண்ணீர். பணி முடிப்புச் சான்றுக்காக நான் போனபோது பெண்கள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அந்தக் கிணற்றைப் பற்றி நான் எழுதக்கூடிய ஒரே சந்தோஷமான வரி.

அந்தப் பக்கத்தில் நடவுக்கோ அறுவடைக்கோ காலையில் ஓர் ஆள் காலனி வழியாக நடந்து ஒவ்வொரு வாசலிலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அடுத்த அறுவடையில் அந்த ஆள் சில வாசல்களில் நின்றான், சில வாசல்களைத் தாண்டிப் போனான். சண்டை இல்லை, திட்டு இல்லை, அடி இல்லை. வரப்பில் புல்லறுக்கப் போன பெண்களிடம், வேறு எங்காவது அறுத்துக்கொள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். கை தூக்கிய வீடுகள் எவை என்று யாரும் பட்டியல் போட வேண்டியிருக்கவில்லை. ஊரே உட்கார்ந்து பார்த்திருந்தது.

விஷயம் தெரிந்து அருளப்பன் தெய்வசிகாமணி வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன். இந்த முறை ஜீப் வாசலிலேயே நின்றது. காபியும் வந்தது.

"நான் யாரையாச்சும் வூட்ட காலி பண்ணச் சொன்னனா வாத்தியாரே? காலி பண்ண வெக்கக் கூடாதுன்னு சட்டம் கீது, எனக்கும் தெரியும். வேலைக்குக் கூப்டல, அவ்ளோதான். கூப்ட்டே ஆவணும்னு எதுனா சட்டம் கீதா?"

தெய்வசிகாமணி குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். அவர் குரலில் வன்மம் இல்லை, ஏதோ புகார் சொல்வதுபோல இருந்தது. "எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன். என்ன உக்கார வெச்சி, என் ஆளுங்கள வெச்சி எண்ணிக் காட்டுனீங்களே."

1970 முடிவதற்குள் அந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தண்டலம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கும் பல்லாவரத்துக்கும் போனார்கள். கன்னியப்பன் கடைசியாகப் போனவர்களில் ஒருவன். கதவையும் கூரைக் கழிகளையும் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, மனைவியும் பிள்ளைகளும் பின்னால் நடக்கப் போனதாக, ஊர்களைச் சுற்றிவரும் எங்கள் கிராம சேவக் சொன்னார். மண்சுவர்கள் மட்டும் நின்றன. மரத்தடியில் கை தூக்காமல் நின்ற பெரியவர்களின் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. கிணறு அவர்களுக்குப் பயன்பட்டது.

1971 மார்ச்சில் பக்கத்துத் தொகுதியில் சட்டமன்றத்துக்குப் போட்டியிட ஒரு கட்சி அருளப்பனுக்கு வாய்ப்புக் கொடுத்தது. ஜெயித்தார். அந்த ஆண்டே, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழும் விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. 1971 ஜூன் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் யார் குடியிருந்தார்களோ அவர்களுக்கு மனை சொந்தம். அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக அவையில் உட்கார்ந்திருந்தவர்களில் அருளப்பனும் ஒருவர்.

சில நாள் கழித்து ஸ்ரீபெரும்புதூர் வந்தவர் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தார். குடையைப் பழைய ஜன்னலிலேயே மாட்டினார். அவையில் எப்படி வாக்கெடுப்பார்கள் என்று ஆவலாகக் கேட்டேன். "சபாநாயகர் கேப்பாரு. ஆமாம்னு ஒரு சத்தம் வரும். இல்லன்னு ஒரு சத்தம் வரும். ஆமாம்கிறவங்க அதிகம்னு சொல்லிடுவாரு. அங்ககூட எண்றதில்ல வரதன், யாராச்சும் கேட்டாத்தான் எண்ணுவாங்க." எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். தாங்கல்மேட்டில் மனை கிடைக்கப்போவது யாருக்கு என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. தங்கியவர்களுக்குக் கிடைக்கும். அவர் சொல்லிக் கை தூக்கியவர்களுக்குக் கிடைக்காது.

கன்னியப்பன் மட்டும் மனு போட்டான். தாலுகா அலுவலக வாசலில் இருந்த மனு எழுதுகிறவர் யோசனை சொல்லியிருந்தார். சூளை வேலை ஆறு மாதம், மழைக்காலத்தில் இல்லை. வேலைக்காகப் போய் வந்தேனே தவிரக் குடியிருப்பு தாங்கல்மேட்டில்தான் என்று மனு. சாட்சியாக அவன் சொன்ன பெயர், சட்டமன்ற உறுப்பினர் அருளப்பன். கிணற்றுக் கூட்டத்தின்போது அவன் அந்த ஊர்வாசிதான் என்பதற்கு அன்று எடுத்த வருகைப் பதிவைக் காட்ட என்னையும் அழைத்திருந்தார்கள்.

விசாரணை 1973 ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தாசில்தார் இளைஞர், நியாயமானவர். ஊர்க் கணக்கரான கர்ணம் ஏற்கெனவே, அந்த வீடு எழுபதிலேயே காலி என்று சொல்லிவிட்டார். கர்ணம் யாருடைய ஆள் என்று தாசில்தாருக்குத் தெரியும். எதிரில் ஒரு சட்டமன்ற உறுப்பினர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கர்ணத்தின் சாட்சியைத் தள்ளிவிடலாம் என்று தாசில்தார் காத்திருந்தது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவரே வழியும் காட்டினார்.

"சூளை வேலைக்குப் போறவங்க போயி வருவாங்க. அதக் காலி பண்ணதா எடுத்துக்க முடியாது. அந்தத் தேதியில மனுதாரர் குடியிருப்பு அங்கதான் இருந்துதுன்னு நீங்க சொல்லலாமா சார்?"

கன்னியப்பன் கதவருகே நின்றான். அவன் மனைவி வெளியே வராந்தாவில், பிள்ளைகளோடு. சூளையிலிருந்து அதிகாலை பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அந்த ஒரு மனை கிடைத்தால் சூளைக் கொட்டகையை விட்டுத் திரும்பி வரலாம். பெரிய பெண் பள்ளிக்கூடம் போகலாம். அவ்வளவுதான் அவன் கேட்டது. மண்சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கூரை போட்டால் போதும்.

அருளப்பன் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கதவையும் கூரைக் கழியையும் எடுத்துக்கினு போனவர் திரும்பி வர்ற எண்ணத்துல போனவர் இல்ல. அந்தத் தேதியில அவர் அங்க இல்ல. அதுக்கு ஆறு மாசம் முன்னயே போயிட்டார். ஆனா ஏன் போனார்னு நான் சொல்றேன். அத எழுதிக்கணும்."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "காரணம் கேள்வியில இல்ல சார்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

அருளப்பன் சொல்லத் தொடங்கினார். 1969, கூட்டம், தான் கேட்டது, எண்ணியது, அறுவடை, கூப்பிடாமல் போன ஆள் என்று எல்லாவற்றையும் தேதி வரிசையில். தாசில்தார் குறுக்கிடவில்லை, எழுதவும் இல்லை. உண்மையை முழுதாகச் சொன்னால் சட்டம் அதைக் கேட்கும் என்று அருளப்பன் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. முழு விடையையும் எழுது, மதிப்பெண் கிடைக்கும்.

மனு தள்ளுபடி.

வெளியே புளியமரத்தடியில் கன்னியப்பன் அவரிடம் வந்தான். கத்துவான் என்று பயந்தேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரிதான் நின்றான்.

"அன்னைக்கி நீங்க கேட்டதும் நாங்க யோசிக்காம கை தூக்குனோம் சார். கேட்டது வாத்தியாராச்சே. இன்னைக்கி நாங்க ஒண்ணு கேட்டோம். நீங்க யோசிச்சிட்டீங்க."

கன்னியப்பன் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டான். மனைவி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அவரை அல்ல, என்னை. பதிவேடு என் கையில் இருந்தது.

பலரும் கேட்டிருக்கிறார்கள், அவர் செய்தது சரியா என்று. பொய்ச் சாட்சி சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எப்படி எழுதுவேன்? ஆனால் அந்த அறையில் உண்மைக்காக யார் எதை இழந்தார்கள் என்று கணக்குப் பார்த்தால், பேசியவர் ஒன்றையும் இழக்கவில்லை.

மீதி அரசியல் வாழ்க்கையை விரைவாகச் சொல்லிவிடலாம். அவையில் மனையிழந்தவர்களைப் பற்றி அவர் ஒரு வினா கொடுத்தார். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. துணைக்கேள்வி கேட்க எழுந்தபோது நேரம் முடிந்துவிட்டது. காலனிக்கு வேறிடத்தில் மனை கையகப்படுத்தச் சொல்லி ஒரு கோப்பு நகர்ந்தது, நிலக்காரர் தடை வாங்கினார். 1976 தொடக்கத்தில் அவை கலைந்தது. அடுத்த தேர்தலில் அவருக்கு இடம் தரவில்லை. அவரும் கேட்கவில்லை என்றார்கள். மறுபடி ஆசிரியர் வேலைக்கு வயது கடந்திருந்தது. வீட்டில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். பதில் தெரிந்தவர் கை தூக்குங்கள் என்று அவர் சொல்வதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் குனிந்து தனியாகக் கேட்பார்.

1982-ல் தாங்கல்மேட்டு நிலத்தில் பெரும்பகுதி ஒரு தொழிற்சாலைக்காக விற்கப்பட்டது. பட்டா வைத்திருந்த காலனிக் குடும்பங்களுக்குத் தனியாக ஏதோ கிடைத்தது, சிலர் வீட்டில் ஒருவருக்கு வேலையும் கிடைத்தது. மதில் எழுந்தது. கிணறு மதிலுக்கு உட்புறம் போய்விட்டது. நான் கன்னியப்பனைத் தேடித் தண்டலம் சூளைகளில் விசாரித்தேன். அந்தச் சூளையே மூடப்பட்டு மேடாகக் கிடந்தது. அவன் இருக்கிறானா என்பதும் தெரியவில்லை. அருளப்பன் 1984-ல் மழைக்காலத்தில் இறந்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில், தாலுகா அலுவலகத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கடைத்தெருவில் சந்தித்தேன். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அருளப்பன் ஒருநாள் தனியாகத் தாலுகா அலுவலகத்துக்கு வந்தாராம். அப்போதிருந்த தாசில்தாரிடம், கன்னியப்பன் மனுவில் தான் தவறாகச் சாட்சி சொல்லிவிட்டதாகவும், அந்தத் தேதியில் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள் என்றும் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகச் சொன்னாராம். கோப்பு முடிந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொல்ல, அலுவலகம் மூடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பியூன் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

எந்த வருடம் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. வெயில் காலம் என்று மட்டும் சொன்னார். நான் தாலுகா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டுகளின் கோப்புகள் வழக்கப்படி அழிக்கப்பட்டுவிட்டன. பியூன் சொன்னது உண்மையா என்று எனக்கு உறுதி இல்லை. உண்மையென்றால், அவர் வந்தது நிலம் விற்பதற்கு முன்பாகவா, பின்பாகவா என்பதையும் உறுதிப்படுத்த முடியவில்லை. முன்பாக என்றால், அந்தக் கையெழுத்தால் ஒரு குடும்பம் திரும்பி வந்திருக்கக்கூடும். பின்பாக என்றால், திரும்பி வர இடமே இருந்திருக்காது.